இதுகளுக்கு இது போதும்!

வாயிலில் வரிசையாகக் கிடந்தன செருப்புகள். வார் அறுந்தவை, ஊக்குக் குத்தியவை, அண்ணன் காலுக்கு வாங்கித் தம்பி காலுக்கு வந்து சேர்ந்தவை! உள்ளே நுழையுமுன் குழாயடிக்கு ஓடிக் கால் கழுவி வந்த பிள்ளைகளும் உண்டு. கோயில் வாயில் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! பள்ளிக்கூடத்துக் கணிப்பொறி அறையின் வாயில் அது. உள்ளே துணி போர்த்திய பத்துப் பொறிகள், கதவுக்குப் பூட்டு, பூட்டுக்குச் சாவி, சாவிக்கு ஒரு காவலர். அந்தக் காவலர் வேறு எவருமல்லர், நாமேதான்.

எப்படிக் கிடைத்தது இந்தப் பதவி? நாம் கல்லூரியில் படித்தது வரலாறு. பிறகு ஆசிரியப் பயிற்சி. கணிப்பொறி பற்றி ஒரு தேர்வுத்தாள்கூட எழுதியதில்லை. பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே தலைமையாசிரியர் அழைத்தார். "டீச்சர், இங்க நீங்கதான் சின்னவங்க. செல்போன்லாம் சரசரன்னு தள்ளிப் பாக்கறீங்க. அந்தக் கம்ப்யூட்டர் ரூமை நீங்களே பாத்துக்குங்க" என்றார். இளமையே தகுதி! சாவியோடு ஒரு பதிவேடும் கைக்கு வந்தது. எந்தப் பொறி, என்ன விலை, என்றைக்கு வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. "எதாவது ஒடைஞ்சா ஆடிட்ல நம்மளத்தான் கேப்பாங்க" என்று ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுத்தார் அவர். அந்த ஒரு சொல்லுக்கு ஓராண்டு நடுங்கினோம்.

நடுங்குகிறவர் கை நாடுவது பூட்டைத்தான். பூட்டினோம். வாரத்துக்கு ஒரு பாடவேளை மட்டும் திறந்தோம். ஒரு பொறிக்கு நால்வர் என அமர்த்தி, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவன் ஒருவனே விசையைத் தட்டலாம், மற்ற மூவரும் கைகட்டிக் காணலாம் என்று கட்டளையிட்டோம். மேல்நோக்கில் பார்த்தால் ஒழுங்கு! உள்நோக்கிப் பார்த்தால் என்ன அது? கருவறை; அதற்கொரு திரை; அருகே செல்ல ஒருவனுக்கு உரிமை; எட்டி நின்று ஏக்கப் பெருமூச்செறிய மற்றவருக்கு அனுமதி. தொட்டால் தீட்டு என்று நாம் சொல்லவில்லை. தொட்டால் கெட்டுவிடும் என்றோம். சொல் மாறிற்று, செயல் மாறவில்லை. பகுத்தறிவு பேசும் ஏடுகளைப் பையிலே வைத்துக்கொண்டு, பள்ளியிலே பூசாரியாக இருந்தோம் ஓராண்டுக் காலம்! இதனை எழுத நாணுகிறோம். எனினும் எழுதத்தான் வேண்டும்.

எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி. தந்தை கிணறு வெட்டும் கூலி, தாய் களையெடுப்பவர். நால்வரில் நான்காவதாக அமர்வாள். ஒருநாள் கேட்டாள்: "டீச்சர், நான் எப்ப தொடுவேன்?"

"அடுத்த வாரம்" என்றோம்.

அடுத்த வாரம் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. அவள் முறை வருவதற்குள் அந்தப் பொறியே கண்ணை மூடிற்று. பத்தில் ஏழு அவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. கை பட்டுக் கெட்டவை அல்ல. கிழமைக்கணக்கில் கிடந்து, எலி கடித்து, ஈரம் ஏறிக் கெட்டவை. பதிவேட்டில் "பழுது" என்று எழுதிக் கையொப்பம் இட்டோம்.

இந்த நிலையிலேதான் வெளியூரில் பணிபுரியும் பழைய மாணவர்கள் சிலர் பள்ளிக்குக் கணிப்பொறி தருவதாக எழுதினர். ஆவலோடு காத்திருந்தோம். விழா எடுத்தோம், பந்தல், பொன்னாடை, ஒலிபெருக்கி! பெட்டியைத் திறந்தால், உள்ளே ஆறு சிறு பலகைகள். சீட்டுக்கட்டின் ஒரு சீட்டளவே இருக்கும். உறை இல்லை, திரை இல்லை, வட்டு இல்லை. பச்சைத் தகட்டின்மேல் கறுப்புச் சில்லுகள் நான்கைந்து. இதுவா கணிப்பொறி என்று பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தனர். மேடையில் வீற்றிருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் அருகிலிருந்தவர் காதோடு சொன்னார்: "பெருசா வாங்கினா லட்சக்கணக்குல ஆகும். இதுகளுக்கு இது போதும்."

காதோடு சொன்னதாக அவர் நினைப்பு. ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தார்கள்! 'இதுகளுக்கு இது போதும்' என்று ஊரெல்லாம் ஒலித்தது. பிள்ளைகளோ, மேடையிலிருந்து எது வந்தாலும் கைதட்டப் பழகியவர்கள்; கைதட்டினார்கள்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. 'இவர்களுக்கு' என்றுகூட இல்லை, 'இதுகளுக்கு'! ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அரைகுறைப் பொறி. பலகைகளைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட எண்ணினோம். ஆனால் வரலாறு படித்தவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பொருளை வெறுக்குமுன் அது எங்கே பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்று தோண்டிப் பார்ப்பது. தோண்டினோம். கிடைத்ததைச் சொல்கிறோம்.

அந்தப் பலகைக்குப் பெயர் ராஸ்பெர்ரி பை. பிறந்த ஊர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ். விற்பனைக்கு வந்த நாள் 2012 பிப்ரவரி 29. முதலில் வந்தது 'பி' வகை, விலை 35 டாலர். 'ஏ' வகை மறு ஆண்டு வந்தது, 25 டாலர். அதிலே வலையிணைப்பு வாய் கிடையாது, யு.எஸ்.பி. வாய் ஒன்றே ஒன்று. ஏன் செய்தார்கள் இதனை? கேம்பிரிட்ஜில் கணிப்பொறி இயல் கற்பித்த எபன் அப்டனும் உடனிருந்தோரும் ஒரு சரிவைக் கண்டனர். அந்தப் பாடம் படிக்க விண்ணப்பிப்போர் தொகை குறைந்துகொண்டே வந்தது. வருவோர் அறிந்து வருவதும் சுருங்கிற்று. காரணத்தைத் தேடினால், வீடுதோறும் இருக்கும் பொறி விலையுயர்ந்த பொறி, குடும்பம் முழுமைக்கும் உரிய பொறி. பிள்ளை அதனைக் குடைந்து பார்க்க எந்தத் தாய் தந்தையர் இசைவர்? ஆகவே, கெட்டால் கவலையில்லை என்று சொல்லக்கூடிய விலைக்கு ஒரு பொறி வேண்டும் என்றெண்ணினர். பார்த்தீர்களா, தோழர்களே! சீமையிலும் நம் பள்ளியின் நோய்தான். 'தொடாதே' என்னும் நோய்!

'ஏ' என்றும் 'பி' என்றும் பெயர் வைத்தது இன்னும் பழைய கதை ஒன்றை நினைந்து. 1981-இல் அதே கேம்பிரிட்ஜில் ஏகார்ன் என்ற நிறுவனம், பி.பி.சி. வானொலி தொலைக்காட்சி நிறுவனத்தின் கணிப்பொறிக் கல்வித் திட்டத்துக்காக ஒரு பொறி செய்தது. பி.பி.சி. மைக்ரோ என்று பெயர். அறிவித்த விலை 'ஏ' வகைக்கு 235 பவுண்டு, 'பி' வகைக்கு 335. 'ஏ'க்கு 16 கிலோபைட் நினைவகம், 'பி'க்கு 32. பள்ளி ஒன்று பொறி வாங்கினால் விலையில் பாதியைப் பிரிட்டிஷ் அரசு கொடுத்தது. நம்மைக் கவர்ந்தது அந்த 'ஏ' வகைதான். குறைந்த விலைப் பொறிக்கென்று தனிப் பலகை செய்யவில்லை அவர்கள். இரண்டுக்கும் பலகை ஒன்றே. 'ஏ'யில் சில சில்லுகளின் இடம் மட்டும் வெறுமையாக விடப்பட்டிருக்கும். பிற்பாடு பணம் சேர்ந்தால் சில்லுகளை வாங்கிப் பொருத்தலாம். 'ஏ', 'பி' ஆகிவிடும். இன்று இல்லை, நாளை வரும் என்று இடம் விட்ட குறை அது! அந்த ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சன் என்ற பெண்மணியும் ஸ்டீவ் ஃபர்பரும் 1985-இல் ஆக்கிய ஆர்ம் சில்லின் வழித்தோன்றல்களே இன்று நம் கைப்பேசிகளில் உள்ளன. நம் ஆறு பலகைகளிலும் உள்ளன. பள்ளிப் பிள்ளைக்கென்று செய்த மலிவுப் பொறியின் கொடிவழி அவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது.

இந்தப் பி.பி.சி. மைக்ரோ நம் நாட்டுக்கும் வந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1984-இல் இந்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்கான கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட பொறி அதுவே. நம் பெற்றோர் பள்ளியில் படித்த காலம்! ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டோம். "பாத்திருக்கேன்மா. ஹெச்.எம். ரூம்ல பட்டுத்துணி போட்டு மூடி வச்சிருந்தாங்க. ரிட்டயர் ஆகிற வரைக்கும் அந்தத் துணியத்தான் பாத்தேன்" என்றார். துணி! நம் அறையில் போர்த்தியிருந்த துணிக்கு நாற்பது ஆண்டுப் பாரம்பரியம் இருக்கிறது போலும்.

குறைக்கப்பட்டது என்பதால் ஒரு பொருள் இழிந்ததாகிவிடுமா? குறைப்பதிலும் இரு வகை கண்டோம். 2004-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், வளரும் நாடுகளுக்கென்று விண்டோஸ் எக்ஸ்.பி. ஸ்டார்ட்டர் என ஒரு மலிவுப் பதிப்பை அறிவித்தது. தாய்லாந்தில் தொடங்கி நம் நாட்டுக்கும் வந்தது. அதிலே ஒரே நேரத்தில் மூன்று செயலிகளுக்குமேல் திறக்க முடியாது. நான்காவதைத் திறந்தால் மறுத்துவிடும். பொறிக்கு ஆற்றல் போதாமையாலா? இல்லை. ஆற்றல் இருக்கிறது, ஆனால் திறக்காதே என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 2009-இல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் திரையின் பின்புறப் படத்தைக்கூட மாற்றவொட்டாது தடுத்தார்கள். படத்தை மாற்றினால் எவர் குடி முழுகும்? காசு கொடுத்தவனுக்கும் கொடுக்க இயலாதவனுக்கும் வேற்றுமை காட்டவேண்டும், அவ்வளவே! கட்டிய சிறகு அது.

நம் பலகையிலோ இல்லாதது இல்லை. இருப்பதில் தடுக்கப்பட்டது மிகக் குறைவு. உறை வேண்டுமா? அட்டைப்பெட்டியில் செய்துகொள். எந்தச் செயலி வேண்டும்? இறக்கிக்கொள், காசில்லை. எப்படி இயங்குகிறது என்று பார்க்கவேண்டுமா? பார். 1953-இல் சென்னை மாநிலத்துச் சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரம் குடும்பத் தொழில் பழகு என்றார்களே, அடுத்த ஆண்டே மக்கள் எதிர்ப்பால் மாண்டதே அந்தத் திட்டம், அங்கே குறைக்கப்பட்டது செலவு மட்டுமா? பிள்ளை எட்டிப் பிடிக்கவேண்டிய கிளையையே வெட்டினார்கள். பொறியானாலும் பள்ளியானாலும், குறைக்கிறவர் கத்தியை எங்கே வைக்கிறார் என்று பார்க்கவேண்டும் நாம்.

விடிந்ததும் பலகைகளைத் திருப்பி அனுப்பும் எண்ணத்தை விட்டோம். செத்த பொறிகளின் திரைகளைக் கழற்றினோம். அவற்றின் நீல முளை ஒரு வகை, பலகையின் வாய் வேறொரு வகை. இடையே பொருத்த ஒரு மாற்றி வேண்டும். ஆறு மாற்றிகளும், மின்னேற்றிகளும், அட்டைகளும் வாங்குவதற்குள் நம் ஒரு மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கு கரைந்தது. 35 டாலர் என்று முழங்குவோர் இதைச் சொல்வதில்லை! பலகை மலிவு, ஆனால் திரையும் விசைப்பலகையும் சுட்டியும் வடமும் வானத்திலிருந்தா விழும்? பழைய திரைகள் கிடந்ததால் பிழைத்தோம்.

பிறகு, பூட்டைக் கழற்றினோம். செருப்போடு வரலாம் என்றோம். பிள்ளைகள் நம்பவில்லை, முதல் இரண்டு நாள் வெறுங்காலோடுதான் வந்தார்கள்.

வேடிக்கை பல நடந்தன. அணைக்கும் பொத்தான் இல்லை அந்தப் பலகையில் (2023-இல் வந்த ஐந்தாம் வகையில்தான் வைத்தார்கள், நம்முடையவை அதற்கு முந்தியவை). கடிகாரமும் இல்லை. மின்சாரம் போனால் காலம் மறந்துபோகும்; வலையிணைப்புக் கிடைத்தால்தான் நேரம் தெரிந்துகொள்ளும். நம் பள்ளியில் வலையிணைப்பு வருவது வானத்து மழைபோல. ஆகவே புதன்கிழமை எழுதிய கட்டுரை, சென்ற வெள்ளிக்கிழமை எழுதியதாகப் பதியும். அந்தச் சிறுமிதான் கண்டுபிடித்தாள். "டீச்சர், நாம வீட்டுக்குப் போனதே இதுக்குத் தெரியலையா?" என்றாள். கடிகாரத்துக்கென்று தனி மின்கலம் வைத்த பொறியில், மூடி கழற்றாமல் இதனை எந்தப் பிள்ளையும் அறிந்திருக்காது. இல்லாத உறுப்பு, அந்த உறுப்பின் வேலை என்ன என்பதைச் சொல்லிக் கொடுத்தது!

ஒருநாள் ஒரு பையன் வடத்தைச் சட்டென்று பிடுங்கிவிட்டான். அட்டையில் எழுதிக்கொண்டிருந்த நேரம் போலும். மறுபடி செருகினால் பொறி எழவில்லை. பையன் முகம் வெளுத்தது. நம் முகமும் வெளுத்திருக்கும்; ஆடிட் என்ற சொல் இன்னும் காதிலிருந்து போகவில்லை அல்லவா! பிறகு நினைவு வந்தது: கெட்டது அட்டையின் எழுத்து மட்டுமே. பிழைத்திருந்த மூன்று பழைய பொறிகளில் ஒன்றில் அட்டையைச் செருகி, இயங்குதளத்தை மீண்டும் எழுதச் சொன்னோம். எழுதினவள் அந்தச் சிறுமி. பாடவேளை முடிவதற்குள் பொறி எழுந்தது. முன்பெல்லாம் வட்டு கெட்டால் மனு எழுதி, பழுது பார்ப்பவர் வரும்வரை மாதக்கணக்கில் காத்திருப்போம். இப்போது வடம் பிடுங்கின பையனே மற்ற வகுப்புக்கு அட்டை எழுதிக் கொடுக்கிறான்.

இன்னொரு நாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. தமிழ் தட்டெழுதப் பழக்கிக்கொண்டிருந்தோம். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட தமிழ் 99 விசைப்பலகை. இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய். 'அம்மா' என்று தட்டச் சொன்னோம். அ, பிறகு ம, பிறகு ம. முதல் ம-வின் தலையில் தானாகப் புள்ளி ஏறிற்று! சிறுமி கையை விசையிலிருந்து எடுத்துவிட்டாள். "நான் புள்ளி வைக்கலையே, டீச்சர். யாரு வச்சது?"

பின்வரிசைப் பையன் ஒருவன், "சாமி வச்சிருக்கும்" என்றான். சிரிப்பு எழுந்தது. நமக்கோ விடை தெரியாது! அன்றிரவு தேடினோம். மறுநாள் பொறியில் அந்த விசைப்பலகையின் விதிகள் எழுதப்பட்ட கோப்பைத் திறந்து காட்டினோம். கதவு கிடையாது அதற்கு, பூட்டு கிடையாது. வெறும் எழுத்தாக, வரிவரியாக இருக்கிறது. ஒரே மெய் இருமுறை வந்தால் முன்னதற்குப் புள்ளி இடு என்று ஒருவர் எழுதி வைத்திருக்கிறார், அதன்படி பொறி இடுகிறது. பாதி வரிகள் நமக்கே புரியவில்லை. ஆயினும் பிள்ளைகள் திரையைச் சூழ்ந்துகொண்டு, அந்த வரிகளில் 'ம' எங்கே வருகிறது என்று விரலால் தேடினர். சாமி என்று சொன்ன பையன்தான் முதலில் கண்டுபிடித்தான்.

மெச்சிக்கொள்வதற்காக இவற்றை எழுதவில்லை. குறைகள் ஏராளம். ஒரு கிகாபைட் நினைவகம். வலைப்பக்கம் நாலைந்து திறந்தால் மூச்சுத் திணறும். பாடக் காணொளி தடுக்கித் தடுக்கி ஓடும். படத்தொகுப்புக் கற்கவேண்டும் என்று கேட்ட மாணவனுக்கு இல்லையென்றே சொல்ல நேர்ந்தது. பொறியைக் கொடுத்துவிட்டால் அறிவு தானே வளரும் என்று எண்ணுவதும் ஒரு மூடநம்பிக்கையே. பெரு நாட்டில் 'பிள்ளைக்கு ஒரு மடிக்கணிப்பொறி' என்று ஊர் ஊராகக் கொடுத்தார்கள். 2012-இல் அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கியினர் 319 பள்ளிகளில் ஆய்ந்து, கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி கூடியதற்குச் சான்றில்லை என்றனர். கற்பிப்பவர் வேண்டாமா? இங்கே கற்பிப்பவரோ பிள்ளைகளைவிட ஓர் இரவு மட்டும் முன்னே நடக்கும் வரலாற்றுப் பட்டதாரி. தேர்வு நெருங்கும் மாதங்களில் அந்த ஓரிரவும் கிடைப்பதில்லை. அறை சும்மா கிடக்கிறது.

அந்தச் சிறுமி இப்போது பத்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டு பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் கணிப்பொறிப் பிரிவு கேட்கப்போவதாகச் சொல்கிறாள். "அவளுக்கு எதுக்கு டீச்சர் அதெல்லாம்?" என்று ஆசிரியர் அறையிலேயே ஒருவர் கேட்டார். விடை சொன்னோம், கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டோம்.

சென்ற மாதம் பழைய மாணவர்களுக்கு நன்றி தெரிவித்து, மேலும் உதவி கேட்டு ஒரு மடல் எழுத நேர்ந்தது. அவளையே எழுதச் சொன்னோம். தட்டினாள், தமிழிலேயே. ஆறு பலகைகளும் நன்றாக இயங்குகின்றன. இன்னும் ஆறு வேண்டும். அவற்றோடு பெரிய நினைவகமுடைய முழுக் கணிப்பொறி ஒன்றும் வேண்டும், காணொளி தொகுக்கக் கற்க. இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசியில் தனியாக ஒரு வரி: "எங்களுக்கு இது போதவில்லை."

அப்போதுதான் உணர்ந்தோம், அன்று மேடைக்குக் கீழே அவள் காதிலும் விழுந்திருக்கிறது என்று. உதவி கேட்கும் மடலில் இவ்வளவு வெட்டென எழுதலாமா, கொஞ்சம் பதமாக மாற்றச் சொல்லலாமா என்று பேனாவைக் கையில் எடுத்தோம். மடலின் தலைப்பில் பொறி இட்ட நாள் பதினொரு நாள் பிந்தியிருந்தது. அதை மட்டும் அடித்துத் திருத்தி, அஞ்சலில் சேர்த்தோம்.